புள்ளி வைத்த பக்கம்

குடும்பத்தில் ஒருவர் டாக்டர் ஆகிவிட்டால் சொந்தபந்தம் முழுக்க நாக்கை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிடும். இவள் வாங்கியது கண்ணாடிக்குப் பூச்சு பூசி வாங்கிய டாக்டர் பட்டம் என்று எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. மாமனார் மட்டும் ஒருநாள் பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே, "கண்ணாடிக்குப் பூசறத முட்டிக்குப் பூசினா என்ன கெட்டுப்போயிடும்?" என்றார். அதோடு அவள் விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் டாக்டர். கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி.

அவள் கண்டுபிடித்தது என்னவோ சின்ன விஷயம்தான். சின்ன என்றால் நிஜமாகவே சின்ன. ஒரு தலைமுடியை ஆயிரமாக வகிர்ந்தால் அதில் ஒரு வகிரின் கனம். அதற்குப் பெயர் நானோ பூச்சு. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் துளித்துளியாக உட்காரும், கண்ணாடி மங்கிப்போகும். இவளுடைய பூச்சின்மேல் துளியால் உட்கார முடியாது. விழுந்த வேகத்தில் சப்பையாகப் பரவிவிடும். பரவிய தண்ணீர் பார்வையை மறைக்காது. அவ்வளவுதான் சங்கதி. இந்த அவ்வளவுக்குத்தான் அவளுடைய இளமையில் நல்ல பங்கு போயிருந்தது. தலை வாரும்போது நரையைப் பார்த்தால் அவளுக்குத் தன் பரிசோதனை மேசைதான் ஞாபகம் வரும்.

பூச்சில் ஒரே ஒரு தொல்லை. பூசியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. பூசிய பக்கம் எது, பூசாத பக்கம் எது என்று பூசியவளுக்கே தெரியாது. அதனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம்: பூசாத பக்கத்து மூலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி. பூசிய பக்கத்தில் வைத்தால் மை உள்ளே இறங்கிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் அழியாது. எனவே புள்ளி முதுகில். அந்தக் கூடத்துக்குள் நுழைகிற எவருக்கும் முதல் நாளே இது பாலபாடம். கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

கூடத்தின் தலைவர் பேராசிரியர். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கால்புள்ளி. யார் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் செய்கிற திருத்தம், அங்கங்கே ஒரு கால்புள்ளி சேர்ப்பது. சேர்த்த கையோடு ஆசிரியர் வரிசையில் தன் பெயரை முதலில் சேர்ப்பது. மறுமுறை கொண்டுபோனால் அதே கால்புள்ளியை எடுக்கச் சொல்வார். பெயரை மட்டும் எடுக்கச் சொல்லமாட்டார். அவள் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டபோது, "பேருக்குத்தானேம்மா. வேலை உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எவருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பூச்சை வைத்துச் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று அவள் விண்ணப்பம் போட்டதும் பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனை விதித்தது. மாதக் கடைசிக்குள் பணம் போட ஓர் ஆளோ, பொருளை வாங்க ஓர் ஆளோ கையெழுத்துப் போட்டுக் காட்டவேண்டும். காட்டினால் பூச்சின் உரிமம் அவளுக்கு. இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்த கம்பெனிக்கு. அடுத்த கம்பெனி யாருடையது? கால்புள்ளியின் அக்கா மகனுடையது. அந்தப் பையன் அதுவரை தொட்ட ஒரே கண்ணாடி அவன் கைபேசியில் இருந்தது.

பூசி மெழுகாமல் சொன்னால், அவள் பயந்துபோனாள். தன் பூச்சுக்கு இன்னொருவன் பெயர் வைத்து, அவன் முன்னால் தானே போய் நின்று கலவை விகிதம் சொல்லிக் கொடுக்கிற காட்சி கண்ணை மூடினால் வந்தது.

அப்போதுதான் கொழுந்தன் களத்தில் குதித்தான். அவளுடைய கணவன் எதற்கும் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிற ஜாதி. கூடப்பிறந்த தம்பியோ அண்ணனுக்கும் சேர்த்துப் பேசுகிறவன். மெத்தை விற்றிருக்கிறான், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்றிருக்கிறான், முடி வளர எண்ணெய் விற்றிருக்கிறான். அந்த எண்ணெயை விற்ற காலத்தில் அவனுக்கே முன்மண்டை காலியாகத் தொடங்கியது. "இந்த எண்ணெய ஆரம்பத்துலயே தேய்க்கலன்னா என்ன ஆகும்னு காட்டத்தான் சார் நான் இருக்கேன்" என்று அதையும் சொல்லி விற்றவன்.

"அண்ணி, வாங்கற ஆளெல்லாம் சில்லறை. முதல் போடற ஆளப் பிடிப்போம்" என்றான். "அவங்களுக்கு ஏஞ்சல்னு பேரு. தேவதை!"

"தேவதை எங்க இருக்கு?"

"நம்மளத் தேடி வருது. நான் பேசிட்டேன். பெரும்புள்ளி."

பால் கடையிலும் மளிகைக் கடையிலும் குளிர்பெட்டிகள் இருக்கும் அல்லவா? ஒருவர் கதவைத் திறந்து மூடினால் உள்பக்கம் மங்கிப்போய் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அடுத்தவர் மறுபடி திறந்து பார்ப்பார். குளிரெல்லாம் தெருவுக்குப் போகும். அப்படிப்பட்ட ஒரு கதவில் பூச்சைக் காட்டுவது என்று திட்டம். முக்குக் கடைக்காரரிடம் கொழுந்தன் பேசி ஒரு கதவை இரவல் வாங்கினான். கடையின் படம் பத்திரிகையில் வரும் என்று அவருக்குக் காது குத்தியிருந்தான். கதவுக்கு ஏற்ற அளவில் அவள் ஒரு கண்ணாடியைப் பூசி, மூலையில் புள்ளி வைத்து, பழைய போர்வையில் சுற்றி வைத்தாள். காலையில் அவளே போய் மாட்டுவதாகத்தான் ஏற்பாடு.

காலையில் கால்புள்ளி கூப்பிட்டார். ஓர் அறிக்கை உடனே போகவேண்டும், கால்புள்ளிகள் சரியில்லை. இன்றைக்கு வேண்டாம் சார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை; உரிமம் வரும்வரை அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு கொழுந்தனுக்கு போன் போட்டாள்.

"தம்பி, கண்ணாடிய நீயே மாட்டிடு. புள்ளியப் பாத்து மாட்டு."

"புள்ளியா? இருக்கு இருக்கு, பாத்துட்டேன். கவலய விடுங்க அண்ணி."

இப்படிச் சொன்னால் எந்த மனிதனும் என்ன செய்வான்? புள்ளி வைத்த பக்கம்தான் விசேஷமான பக்கம் என்று நினைப்பான். பொட்டு வைப்பது முகத்திலா, முதுகிலா? அவனும் புள்ளியை உள்பக்கமாகத் திருப்பி, நாலு திருகாணியும் முடுக்கி, துணி போட்டுத் துடைத்து, ஒரு செல்பியும் எடுத்துக்கொண்டான்.

அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது தேவதை ஏற்கெனவே இறங்கியிருந்தது. தொப்பையும், காலுறை போடாத ஷூவுமாக, எதைப் பார்த்தாலும் 'சுவாரஸ்யம்' என்று சொல்கிற மனிதர். குளிர்பெட்டியைப் பார்த்துச் சுவாரஸ்யம் என்றார். தராசைப் பார்த்துச் சுவாரஸ்யம் என்றார். அவளைப் பார்த்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"இவங்கதான் அண்ணி. இவங்க கைவண்ணம்தான் எல்லாம்" என்றான் கொழுந்தன். "அண்ணி, ஆரம்பிக்கலாமா?"

அவள் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, மூடினாள்.

கண்ணாடி வெள்ளை வெளேர் என்று மங்கியது. உள்ளே இருந்த பால் பாக்கெட், பழச்சாறு எல்லாம் மாயமாய் மறைந்தன. கடைக்காரர் பழக்க தோஷத்தில் தோளில் கிடந்த துணியை எடுத்துவிட்டார்.

பூச்சு ஏன் வேலை செய்யவில்லை? கலவை கெட்டுவிட்டதா? சூடாக்கியது போதவில்லையா? எங்கே தப்பு, எங்கே தப்பு என்று அவள் மனம் ஆய்வுக்கூடத்துக்கு ஓடி எல்லா அலமாரியையும் திறந்து பார்த்தது. கடைசியில்தான் கண் மூலைக்குப் போனது. கறுப்புப் புள்ளி உள்ளே, பால் பாக்கெட்டுகளின் பக்கம் இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் திறந்துவிட்டான். எத்தனையோ தண்ணீர் இயந்திரம் வாங்குபவர் கண்ணெதிரே ஒழுகியிருக்கிறது. அதற்கெல்லாம் அசந்தவன் இல்லை அவன்.

"பாத்தீங்களா சார்! இதுதான் எங்க முதல் தயாரிப்பு. திரைக் கண்ணாடி!"

"திரையா?"

"திறந்து மூடினா தானா மங்கும் சார். உள்ள என்ன இருக்குன்னு ஒரு ஆளுக்குத் தெரியாது. துணி மாத்தற ரூம், வக்கீல் ஆபீஸ், பெரிய மனுஷங்க கார்... எங்கெல்லாம் மறைக்கணுமோ அங்கெல்லாம் போடலாம்."

"கரண்ட் வேண்டாமா?"

"ஒரு சொட்டு கரண்ட் கிடையாது சார்."

இது சத்தியம். உலகத்தில் உள்ள எந்தக் கண்ணாடிக்கும் இது பொருந்தும்.

"சுவாரஸ்யம்" என்றார் பெரும்புள்ளி. இந்தத் தடவை குரல் இறங்கி வந்தது. அவரே ஒருமுறை திறந்து மூடினார். மறுபடி மங்கியது. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். "இதுக்கு எவ்வளவு பெரிய சந்தை தெரியுமா?"

"அப்பிடின்னா என்கிட்ட இதுமாதிரி எட்டுக் கதவு ஏற்கெனவே இருக்கே" என்றார் கடைக்காரர்.

"பாத்தீங்களா சார்? சந்தை ரெடியா இருக்கு!" என்றான் கொழுந்தன், கடைக்காரர் காலை மிதித்தபடி.

பெரும்புள்ளி கல்லாமேல் தாள்களை விரித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தப் பேனா தாளைத் தொட்டால் உரிமம் அவளுக்கு. கால்புள்ளியின் அக்கா மகன் வந்த வழியே போகலாம். அப்புறம் சாவகாசமாக நிஜப் பூச்சைச் செய்துகொண்டால் போயிற்று. யார் கேட்கப் போகிறார்கள்? கொழுந்தன் கண்ணாலேயே கெஞ்சினான்: அண்ணி, வாயைத் திறக்காதீங்க.

திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். பொய் சொல்லக்கூடாது என்ற பெரிய தர்மநியாயம் எல்லாம் அவளுக்குள் எழவில்லை. வேறொன்று எழுந்தது. மங்காத கண்ணாடிக்காக முடி நரைத்தவள் இனி ஆயுசு முழுக்க மங்கும் கண்ணாடி விற்க வேண்டும். எந்தக் கழுதையும் சும்மா வைத்திருந்தாலே மங்குகிற கண்ணாடி. எரிச்சல் தலைக்கேறியது.

"சார், ஒரு நிமிஷம். அது வெறும் கண்ணாடி."

"அண்ணி..." என்றான் கொழுந்தன்.

அவள் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினாள். அதுவும் வெள்ளை வெளேர் என்று மங்கியது. "இதுல நாங்க ஒண்ணுமே பூசல. இதுவும் உங்க திரைக் கண்ணாடிதான். தப்பு என்னன்னா, எங்க கண்ணாடி திரும்பி மாட்டியிருக்கு. பூசின பக்கம் வெளிய இருக்கு. நீங்க ரெண்டு கதவுலயும் வெளிப்பக்கம் ஊதிப் பாருங்க."

பெரும்புள்ளி கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து, பக்கத்துக் கதவில் 'ஹா' என்று ஊதினார். வட்டமாக மங்கியது. பூச்சுக் கதவில் ஊதினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கிட்டே போய், மூக்கு கண்ணாடியில் முட்ட ஊதினார். உள்பக்கத்து மங்கல் அதற்குள் மெல்லக் கலைந்து, பால் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. நாலைந்து தடவை ஊதியதில் அவருக்குத்தான் தலை சுற்றியது. கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த மனிதருக்கு முகம் சிவந்தது. வெறும் கண்ணாடியைப் படம் பிடித்து வைத்திருக்கிறோமே என்று சிவந்திருக்கும். பிறகு திடீரென்று சிரித்தார். கொழுந்தன் முதுகில் ஓர் அறை விட்டார்.

"தம்பி! வெறும் கண்ணாடிய எனக்கே விக்கப் பாத்தியே! உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடிட்டிருக்கேன்."

"சார்..." என்று அசடு வழிந்தான் கொழுந்தன்.

"இப்பவே கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு திருத்தம். கம்பெனிக்கு நீதான் தலைவர். மேடம் ஆலோசகரா இருக்கட்டும். கூட இருந்து சொல்லிக் குடுக்கட்டும். உண்மைய இப்பிடிப் போட்டு உடைக்கறவங்கள முன்னாடி நிறுத்தினா தொழில் நடக்காது பாருங்க."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மறுப்பான் என்றுதான் பார்த்தாள். அவன் முகமோ பூரித்துப் போயிருந்தது. பிறந்ததிலிருந்து ஒருவரும் அவனைத் தலைவர் என்று அழைத்ததில்லை. பாவம், அந்தச் சொல் அவன் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, என்ன சொல்றீங்க?" என்று அருகில் வந்து கிசுகிசுத்தான். "பேருக்குத்தானே அண்ணி. வேலையெல்லாம் உங்களோடதுன்னு எனக்குத் தெரியாதா?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். இவன் பட்டினி கிடந்தபோது பாத்திரத்தை வழித்துப் போட்டவள் அவள். அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. நல்லவேளை, கோபம்தான் முதலில் வாய்க்கு வந்து சேர்ந்தது.

"பேருக்குத்தான்னா அந்தப் பேரு எனக்கே இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

கொழுந்தன் குனிந்து, ஏற்கெனவே முடுக்கிய திருகாணியைத் தடவிப் பார்த்தான்.

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. விக்கத் தெரிஞ்சவன்தான் முன்னாடி நிக்கணும்" என்றார் பெரும்புள்ளி.

"விக்கட்டும் சார், நான் வேண்டாங்கல. அவன மாதிரி விக்க எனக்கு வராது. ஆனா கம்பெனி என்னோடது. ஆலோசகரா இருந்து எனக்குப் பழக்கம் ஜாஸ்தி. போதும்."

"அப்ப என் கையெழுத்து வேண்டாமா?"

"இந்தத் திருத்தத்தோடன்னா வேண்டாம்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். போகும்போது எதையும் சுவாரஸ்யம் என்று சொல்லவில்லை. கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்ட சத்தம் கடைக்குள் கேட்டது.

"போச்சு" என்றான் கொழுந்தன். "எல்லாம் போச்சு. வந்த தேவதைய விரட்டியடிச்சிட்டீங்க. நாளைக்கு அந்த அக்கா மகன் கால்மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு உங்கள டீ கொண்டாங்கன்னு சொல்லுவான். சந்தோஷமா?"

"கொண்டு போறேன். நீ தலைவரா உக்காந்திருந்தா உனக்கு மட்டும் கொண்டு வந்திருக்க மாட்டேனா?"

அவன் தலை தாழ்ந்தது. உறைத்துவிட்டது. அவளுக்குள் பயம் மறுபடி தலைதூக்கியது. வீம்புக்குப் பேசியாகிவிட்டது, இனி என்ன? மாதக் கடைசி கூப்பிடு தூரத்தில் நின்றது.

கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவர் இவ்வளவு நேரமும் மீதிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மேடம், அந்தக் கண்ணாடியத் திருப்பி மாட்டினா எப்பிடி இருக்கும்னு பாக்கலாமா? இவ்வளவு நேரம் நின்னதுக்கு அதையாவது பாத்துடறேனே."

திருகாணிகளைக் கழற்றி, மூன்று பேருமாகச் சேர்ந்து கண்ணாடியைத் திருப்பி மாட்டினார்கள். கொஞ்ச நேரம் குளிரவிட்டார்கள். கடைக்காரர் கதவைத் திறந்து, வேண்டுமென்றே ரொம்ப நேரம் பிடித்திருந்து, மூடினார். பால் பாக்கெட்டில் போட்டிருந்த தேதிகூடப் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி திறந்தார், மூடினார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, கதவைத் தொடாமலே உள்ளே பார்த்து, "தயிர் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்காரர் கையிலிருந்த துணியை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"எல்லாக் கதவுக்கும் பூசிக் குடுக்க முடியுமா?"

கொழுந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எட்டுக் கதவு என்ன சார், கூரைக்கே பூசலாம்! எங்க சேவைப் பிரிவு..."

"இரு தம்பி." கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பேசினா எனக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா பயமாவும் இருக்கு. இந்தக் குளிர்பெட்டி வாங்கினப்பவும் இப்பிடித்தான் இனிக்க இனிக்கப் பேசினாங்க. ரிப்பேர்னு போய்க் கேட்டா, கம்பெனிக்காரன் ஏஜென்டக் கேளுங்கறான், ஏஜென்ட் மெக்கானிக்கக் கேளுங்கறான், மெக்கானிக் போனே எடுக்க மாட்டேங்கறான். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நாளைக்கு இந்தப் பூச்சு உரிஞ்சு வந்துச்சுன்னா நான் யாரு சட்டையப் பிடிக்கறது?"

சற்று முன்புவரை தலைவராக இருந்த கொழுந்தன் ஓரடி பின்னால் போனான். பிஸ்கட் அடுக்கு முதுகில் இடித்த பிறகுதான் நின்றான்.

"என் சட்டைய" என்றாள் அவள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்த அவசரத்தில் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கோட்டுப் பையில் கால்புள்ளியின் அறிக்கை இன்னும் சுருட்டியபடி இருந்தது.

"உரியாதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"எப்ப உரியும்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆய்வுக்கூடத்துல உரியல. உங்க கடைல நாள் முழுக்க துணி போட்டுத் தேய்க்கறீங்க, அத நான் சோதிச்சுப் பாத்ததில்ல. உரிஞ்சா கூப்பிடுங்க, நான் வருவேன். வந்து திட்டு வாங்கிட்டு, மறுபடி பூசிட்டுப் போவேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"என் பேர் போட்டு எழுதித் தரேன்."

கடைக்காரர் துணியைக் கல்லாமேல் வைத்தார். "எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க" என்றார். அவள் பல்கலைக்கழகத்தின் படிவத்தை எடுத்து, 'பொருளை வாங்குபவர்' என்ற இடத்தைக் காட்டினாள். போட்டு முடித்ததும் அவர், "கடை திறந்திருக்கறப்பவே பூசுவீங்களா, சாத்தணுமா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு கதவா கழட்டிக்கலாம், கடைய சாத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவள் கோட்டின் கையை மடித்துக்கொண்டு, பிஸ்கட் அடுக்கோடு ஒட்டி நின்றவனிடம் திருப்புளியை நீட்டினாள்.